வீட்டில் தேன், மேடையில் தேனீ: திருவிழாக் கச்சேரியில் கிட்டார் பெடல் ஏன் காலை வாருகிறது?

மாசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா, குன்றக்குடியில் பங்குனி உத்திரம், அது முடிவதற்குள் சித்திரை, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வரிசையாகச் சாமி கும்பிடு. இந்த சீசன் முழுக்க கிட்டார் வாசிக்கிற பையன்களிடம் ஒரே புலம்பல்தான் கேட்கும்: "வீடியோ பார்த்துத்தான் வாங்கினேன், வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அமிர்தம், மேடையில் ஏறினால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது." அடுத்து என்ன? பெடல் சரியில்லை என்று முடிவுகட்டி, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். அடுத்த ஊரில் அதுவும் இரையும்.

பெரும்பாலும் பெடல் மேல் குற்றமில்லை. ஹெட்போனுக்கும் மைக்செட்காரரின் பாக்ஸுக்கும் உள்ள வித்தியாசம், கிட்டாரை மிக்சரில் செருகும் விதம், மேடைக்கு வரும் கரண்ட், வாசிக்கிற இடம் – இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ள பெடல் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பியில் பிறக்கும் சின்ன மின்சாரம்

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி தலைமுடியை விட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். அதன் அளவு சுமார் 100 மில்லிவோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள், அவ்வளவுதான். இந்தச் சின்ன அலைதான் கேபிள் வழியாக வருகிறது. அது ஸ்பீக்கரைச் சேர்வதற்குள் நடுவில் மறித்து அதன் வடிவத்தையோ நேரத்தையோ மாற்றுகிற பெட்டி பெடல். கை இரண்டும் கிட்டாரில் மாட்டியிருப்பதால் காலால் மிதிக்கிறோம், பெயர் அதனால் வந்தது.

பிக்கப் ஒரு செம்புச் சுருள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுருளுக்குக் கம்பியின் அதிர்வும் ஒன்றுதான், பக்கத்தில் ஓடுகிற ஜெனரேட்டரின் காந்தப்புலமும் ஒன்றுதான். நம் நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதையும் சேர்த்தே பிடித்து "ம்ம்ம்" என்று உறுமும். 1950-களில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார்: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்துவிட்டால் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்பது அதுதான். திருவிழா மேடைக்கு ஒற்றைச் சுருள் கிட்டாரோடு போகிறவர் உறுமலுக்குத் தயாராகப் போக வேண்டும்.

உடைத்தால் வரும் அழகு: டிஸ்டார்ஷன்

ஒரு ஓவர்டிரைவ் பெடலின் அடியில் உள்ள நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு போர்டு, எட்டுக்கால் ஐசி ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி டையோடுகள் இரண்டு, மிச்சமெல்லாம் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும். சத்தத்தின் சூட்சுமம் அந்த இரண்டு டையோடில்தான். ஐசி அலையைப் பல மடங்கு பெரிதாக்கும். சிலிக்கான் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டைத் தாண்ட விடாது. மலை மாதிரி எழுந்த அலையின் உச்சியைச் சீவிவிட்டு மேசை மாதிரி ஆக்கிவிடும். உச்சி சீவப்பட்ட அலையில் மூல சுரத்தின் மடங்குகளாகப் புதுப்புது ஒலிகள் பிறக்கின்றன. காதுக்கு அதுதான் "கரகர". மெதுவாகச் சீவினால் ஓவர்டிரைவ், முரட்டுத்தனமாகச் சீவினால் டிஸ்டார்ஷன், அலை கிட்டத்தட்ட சதுரமாகவே ஆகிவிட்டால் ஃபஸ்.

இது பிறந்ததே ஒரு விபத்தில். 1960-ன் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்தபோது, ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கிழிந்த பறை மாதிரி ஒலித்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்தச் சத்தம் பலருக்கும் பிடித்துப்போக, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சர்க்யூட் செய்தார். 1962-ல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. விளம்பரத்தில், கிட்டாரை ட்ரம்பெட் மாதிரி ஒலிக்க வைக்கலாம் என்று விற்றார்கள். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகுதான் கதை மாறியது.

டிஸ்டார்ஷன் போட்டுவிட்டு, ஸ-க-ப மூன்றும் சேர்ந்த முழு மேஜர் கார்டு பிடித்தால் ஏன் சேறாகிறது, ராக் கிட்டாரிஸ்டுகள் ஏன் இரண்டே சுரம் பிடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் நிறைய. உச்சி சீவும்போது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் புதுச் சுரங்களை உண்டாக்கும். ஸ = 110 ஹெர்ட்ஸ், ப = 165 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 55, கூட்டினால் 275, எல்லாமே 55-ன் மடங்கு, ஒன்றுக்கொன்று சொந்தம். அதனால் கீழே ஒரு ஸ்தாயி கூடுதலாகக் கிடைத்த மாதிரி கனக்கிறது. பவர் கார்டு என்று அவர்கள் சொல்வது நம் சுருதிப்பெட்டியில் காலங்காலமாக ஒலிக்கிற ஸ-ப தான். இப்போது நடுவில் காந்தாரத்தைச் சேருங்கள், 138.6. ஸ-வோடு கழித்தால் 28.6, கூட்டினால் 248.6, எந்தச் சுரத்திலும் உட்காராத அநாதைகள். சேறு இங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் ஒரு வாங்கும் யோசனை. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப் என்ற ஃபஸ் பெடல், பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் மாதிரியானவர்கள் கையில் கடல் மாதிரி ஒலிக்கும், ஆனால் அது நடு அதிர்வெண்களைக் குடைந்துவிடும் வகை. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் அதற்கு நேரெதிர், 700 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். கீபோர்டும் ரிதம் பேடும் டோலக்கும் மோதிக்கொள்ளும் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் காதில் விழ வேண்டுமானால் இரண்டாவது வகைதான். வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தால் முதலாவதுதான் பிடிக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

மற்ற குடும்பங்கள், சுருக்கமாக

1. வா: 1966-ல் உருவானது. குறுகலான ஒரு வடிகட்டியைக் காலால் மேலும் கீழும் நகர்த்துகிறோம். "ஊ"விலிருந்து "ஆ"வுக்கு வாய் திறக்கும்போது நடப்பதும் இதுவே, அதனால்தான் கிட்டார் பேசுவது போலிருக்கிறது.
2. கோரஸ்: ரோலண்டின் சிஇ-1, 1976. அலையைப் பிரதி எடுத்து, சில மில்லிவினாடி தள்ளி, சுருதியைக் கொஞ்சம் ஆட்டி மூலத்தோடு கலக்கும். ரெட்டை நாயனம் கேட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு பேரும் ஒரே சுரம் ஊதினாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அந்தத் தடிமன் அதனால் வருவது.
3. கம்ப்ரஸர்: பெரிய சத்தத்தை அமுக்கி, தேயும் சத்தத்தைத் தூக்கும். சுரம் நீண்டு நிற்கும். கூடவே இரைச்சலும் தூக்கப்படும், அது இலவச இணைப்பு.

டிலேவும் ரிவர்பும்: தெருவும் வளவும்

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. திருவிழா நேரத்தில் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, நடந்து போகும்போது ஒரே வரியைக் கிட்டத்திலிருந்து ஒரு தடவையும் தூரத்திலிருந்து இன்னொரு தடவையும் கேட்போம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது, 34 மீட்டர் கூடுதல் தூரத்துக்கு பத்தில் ஒரு வினாடி தாமதம். தனியாகப் பிரித்துக் கேட்கக்கூடிய இந்த மறுபடி ஒலிதான் டிலே. பெடலில் இதைத் தாளத்தோடு பொருத்த ஒரு கணக்கு உண்டு: 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிவினாடி. டெம்போ 120 என்றால் 500. அதில் முக்கால், அதாவது 375 வைத்தால், வாசித்த சுரங்களுக்கு நடுவில் எதிரொலி வந்து உட்கார்ந்து இரட்டிப்பாகக் கேட்கும். யூ2 குழுவின் தி எட்ஜ் பெரும்பகுதி வாழ்க்கையை இந்த முக்காலில்தான் ஓட்டியிருக்கிறார்.

ரிவர்ப் வேறு. பழைய செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டி உள்ளே போய், மூடிய போஜன் ஹாலில் நின்று ஒரு கைதட்டுங்கள். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரி தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, தேக்குத் தூண்கள் – எதுவும் ஒலியைக் குடிக்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். ஆயிரம் எதிரொலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே புகையாகிவிடும். அந்தப் புகைதான் ரிவர்ப். வளவில் மேலே வானம் திறந்திருப்பதால் கொஞ்சம் தப்பிப் போகும், ஹாலில் அதுவும் இல்லை.

இதிலிருந்து நேரடியாக ஒரு முடிவு கிடைக்கிறது. இந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே கல்யாணக் கச்சேரி என்றால் ரிவர்ப் பெடலைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள், வீடே போதும் போதும் எனக் கொடுக்கும். பொட்டலில் போட்ட மேடைக்கு நேர்மாறு: சுவரே இல்லை, ஒலி போனால் போனதுதான், அங்கே ரிவர்ப் இல்லாத கிட்டார் எலும்பும் தோலுமாக இருக்கும். படுக்கையறையில் வைத்த அளவு இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

வரிசை மாறினால்

வழக்கமான வரிசை: ட்யூனர், வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப். இது சாஸ்திரமல்ல, ஆனால் காரணம் உண்டு. முதலில் கத்தி, அந்தக் கத்தல் ஹாலில் எதிரொலித்தால் இயற்கை. ரிவர்பை முன்னால் வைத்து டிரைவைப் பின்னால் வைத்தால், ஹாலின் புகையையும் சேர்த்து உச்சி சீவுகிறோம், மேலே சொன்ன கூட்டல் கழித்தல் எல்லாம் அந்தப் புகைக்குள்ளேயும் நடக்கும். சிலர் அந்தக் கலங்கலை வேண்டுமென்றே தேடிப் போகிறார்கள், அது அவர்கள் இஷ்டம். மெல்லிசை மேடையில் வேண்டாம்.

மேடையில் நடப்பது என்ன

முதல் குற்றவாளி, கிட்டார் ஆம்ப் (கிட்டாருக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும்) இல்லாதது. நம் ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் நேராக மிக்சருக்குப் போகிறது. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படுத்துவிடும், டிஸ்டார்ஷனில் பிறந்த கூர்மையான முட்களை எல்லாம் அதுவே மழுக்கிவிடும். மைக்செட்காரரின் பாக்ஸில் ஹார்ன் இருக்கிறது, அது 15,000 வரை ஒன்று விடாமல் பாடும். தேனீ பிறப்பது அங்கேதான். பெடலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பீக்கரின் வேலையைச் செய்ய ஒரு கேபினெட் சிமுலேஷன் கடைசியில் இருக்க வேண்டும். பல பெடல்களை ஒரே பெட்டியில் அடக்கிய மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது உள்ளேயே இருக்கிறது, பலர் அணைத்து வைத்திருக்கிறார்கள் அல்லது ஹெட்போன் செருகினால் மட்டும் வேலை செய்யும்படி விட்டிருக்கிறார்கள். வீட்டில் அமிர்தமாகக் கேட்டதன் ரகசியம் இதுவாகவே இருக்கலாம், செட்டிங்கில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, உள்வாங்கும் தடை. பிக்கப்புக்கு எதிரே பத்து லட்சம் ஓம் அளவில் தடை இருந்தால்தான் அது சுகமாக மூச்சுவிடும். மிக்சரின் லைன் உள்ளீடு 10,000 ஓம்தான். எலெக்ட்ரிக் கிட்டாரை நேரே செருகினால் மேல் ஒலி செத்துவிடும், பீசோ (அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பிக்கப்) வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரைச் செருகினால் கீழ் ஒலி போய் தகரம் தட்டின மாதிரி ஆகும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ், அதாவது இந்தத் தடையைப் பொருத்திக் கொடுக்கும் சின்னப் பெட்டி, போதும். அதே வேலையைச் செய்யும் பஃபர் சர்க்யூட் உள்ள பெடல் ஒன்று முதலில் இருந்தாலும் சரி, அதை மிதிக்காமல் விட்டாலும் வேலை நடக்கும்.

மூன்றாவது கரண்ட், இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பின்னின் நடுவில் மைனஸ். வீட்டிலிருக்கும் ரூட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ், ஆனால் பின் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் அன்றைக்கே சமாதி. அடாப்டரின் ஸ்டிக்கரில் ஒரு புள்ளியைச் சுற்றி பிறை போட்டு இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் குறித்திருக்கும், புள்ளியிலிருந்து கோடு எந்தக் குறிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். மில்லி ஆம்பியர் கணக்கும் முக்கியம். ஓவர்டிரைவ் 10, கோரஸ் 30, டிஜிட்டல் டிலே 100, ரிவர்ப் 100 என்று கேட்டால் மொத்தம் 240, இதற்கு 200 தரும் அடாப்டரை மாட்டினால் டிலே திக்கும், சீறும். ஒரே வயரில் மாலை மாதிரி எல்லாப் பெடலையும் கோத்தால் டிஜிட்டல் பெடலின் "கீ" சத்தம் டிரைவ் பெடலுக்குள் வந்து நூறு மடங்கு பெரிதாகும். தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை வாங்குவது ஆடம்பரமல்ல.

(9 வோல்ட் பேட்டரி என்பது ஆறு 1.5 வோல்ட் செல்களை அடுக்கி மேலே தகரம் சுற்றியது. தேய்ந்த பேட்டரியில்தான் ஃபஸ் இனிமையாக இருக்கிறது என்று சத்தியம் செய்கிற கிட்டாரிஸ்டுகள் உலகமெங்கும் உண்டு. வோல்ட்டேஜ் இறங்கினால் உச்சி இன்னும் சீக்கிரம் சீவப்படும், அதனால் முழுப் பொய்யில்லை. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

இரைச்சல் எங்கிருந்து? ஐந்து சோதனை

1. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். சத்தம் நின்றால் கிட்டாரில் பிறக்கிறது. நிற்காவிட்டால் அதற்குப் பின்னால்.
2. கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உறுமல் கூடிக் குறைந்தால் பிக்கப் எதையோ பிடிக்கிறது: ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், விளக்கு டிம்மர். நின்ற இடத்தை மாற்றுங்கள்.
3. பெடலை அடாப்டரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் போனால் அடாப்டர்.
4. சீரியல் செட்டை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். சொன்னால் முறைப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.
5. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும்) பொத்தானைத் தட்டுங்கள். உறுமல் நின்றால், உங்கள் கருவியும் மிக்சரும் இரண்டு வழியாக எர்த் ஆகி ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது.

ஐந்தாவதில் ஒரு எச்சரிக்கை. இதே உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உறுமல் நிற்கும், உண்மைதான். ஆனால் ஏதோ ஒரு கருவியில் ஃபேஸ் கசிந்தால் அது போக வழியில்லாமல் கம்பிகளில் வந்து நிற்கும், பாட மைக்கருகே போனால் உதட்டில் சுருக்கென்று பிடிக்கும். சுருக்கோடு நின்றால் அதிர்ஷ்டம். இந்த ஊர் மண்ணுக்கு இது இன்னும் பொருந்தும்: வானம் பார்த்த பூமி, பங்குனி வெயிலில் செம்மண் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண்ணில் அடித்த எர்த் கம்பிக்கு மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் சக்தி குறைவு. ஜெனரேட்டருக்கு அடித்த கம்பியைச் சுற்றி ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மேடை ஏறியதும் மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையை கிட்டார் கம்பியிலும் தொட்டுப் பாருங்கள். பத்து இருபது வோல்ட் காட்டினாலே காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை வாசிக்க வேண்டாம்.

கமகத்துக்குப் பெடல் உதவுமா?

வீணைக்குப் பேர்போன காரைக்குடியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த பாணிக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினிலும், கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலும் கர்நாடக இசையை முழுக் கச்சேரியாகவே வாசித்துக் காட்டியவர்கள். அதனால் மின்சாரமும் கமகமும் பகையல்ல. எந்தப் பெடல் என்பதுதான் விஷயம்.

கம்ப்ரஸர் உதவும், கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது தேய்கிற ஒலியை அது தாங்கும். டிலே ஆபத்து. ரி-யிலிருந்து க-வுக்கு இழுத்துப் போய் நிற்கிறீர்கள், 400 மில்லிவினாடி கழித்து அதே இழுப்பு உங்கள் க மேல் ஏறி ஓடும், கேட்பவருக்கு அபசுரம். ஒரே ஒரு எதிரொலி, அதுவும் மெல்லியதாக, அதற்கு மேல் வேண்டாம். வாசிக்கிற சுரத்தோடு துணைச் சுரம் சேர்க்கும் ஹார்மனைசரை சி மேஜரில் வைத்துவிட்டு ஸட்ஜத்தை சி-யாகக் கொண்டு மாயாமாளவகௌளை வாசித்தால், சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் அந்த ஸ்கேலிலேயே இல்லை, மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு துணைச் சுரம் போடும்.

காசு போடும் வரிசை

1. நல்ல கேபிள் இரண்டு, ட்யூனர்.
2. டிஐ பாக்ஸ், தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை.
3. கேபினெட் சிமுலேஷன் உள்ள சின்ன மல்டி எஃபெக்ட்ஸ். ஒரு ராத்திரியில் எண்பதுகளின் கோரஸ் கிட்டாரிலிருந்து நேற்று வந்த குத்துப்பாட்டு டிஸ்டார்ஷன் வரை தாவ வேண்டிய ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு ஏழு தனிப் பெடலைவிட இதுதான் லாயக்கு.
4. அதற்கப்புறம், மனசு கேட்காவிட்டால், பிடித்த ஓவர்டிரைவ் ஒன்று.

சவுண்ட் செக்கில் மைக்செட்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "அண்ணே, கிட்டார் லைன் ஃப்ளாட்டா இருக்கட்டும், ட்ரெபிள் ஏத்தாதீங்க, ரிவர்ப் நான் இங்கேயே போட்டுக்கிறேன்." அவரும் போட்டு நீங்களும் போட்டால் புகை இரட்டிப்பாகும். பிறகு பக்கத்திலிருப்பவர் கையில் கிட்டாரைக் கொடுத்து ஒரு கார்டை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, கூட்டம் உட்காரும் கடைசி வரிசை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.